விஜயாலயனின் தந்தை யார்?

(மும்பை மாட்டுங்காவில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

கி.பி. 850ஐ ஒட்டிய ஓர் ஆண்டில் காவிரிக் கரையில் ஒருவன் தஞ்சாவூரைப் பிடித்தான். பிடித்த ஊரில் நிசும்பசூதனிக்கு ஒரு கோயில் எடுத்தான். அவன் மகன் பல்லவர் ஆட்சியை முடித்துவைத்தான். பேரன் மதுரையைக் கொண்டான். அவனிலிருந்து எண்ணினால் ஆறாவதாக வருபவன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜன். ஏழாமவன் கடாரத்துக்குக் கப்பல் விட்ட ராஜேந்திரன். நானூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற ஓர் அரசு அந்த ஒருவனிடம் தொடங்குகிறது. விஜயாலயன் என்று அவனை அழைக்கிறோம். அவனைப் பெற்றவர் யார், எந்த ஊரில் வளர்ந்தான், தஞ்சாவூரைப் பிடிக்க எங்கே ஆள் திரட்டினான் என்று அவன் காலத்து ஆவணம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு முன்னோர் பட்டியல் மட்டும் ஒன்றுக்கு நாலாக இருக்கிறது. அந்தப் பட்டியல்களில் எந்த இரண்டும் ஒத்துப்போவதில்லை. இந்த நிலை எப்படி வந்தது என்பதே இன்றைய பேச்சு. விஜயாலயனுக்கு முன்னோரைக் கொடுத்தவர்கள் அவனுடைய பின்னோர்கள். அரசு முன்னோக்கி வளர வளர அதன் வேர் பின்னோக்கி நீட்டப்பட்டது என்பது என் கட்சி. அதற்கான சான்றுகளை முதலில் வைக்கிறேன். அப்புறம், நியாயமாக எழக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன்.

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக்கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஒருவரை மதிப்பிட அவர் பிறப்பைத் துருவாதே என்ற அளவில் அது பொன்னான சொல். வரலாறு படிப்பவருக்கு அது தடையுத்தரவு ஆகாது. மூலத்தைத் தேடுவது மதிப்பைக் குறைப்பதற்காக அல்ல, இந்த மூலத்தை நமக்குச் சொன்னவர் யார், எப்போது சொன்னார், எதற்காகச் சொன்னார் என்று அறிவதற்காக.

முதலில் அவன் காலத்துச் சான்று. விஜயாலயன் என்பது வெற்றியின் உறைவிடம் என்று பொருள்படும் வடமொழிப் பெயர். தாய்தந்தையர் இட்ட பெயராக இருக்கலாம். வென்ற பின் சூடிய பெயராகவும் இருக்கலாம். சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரு பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். விஜயாலயன் பரகேசரி, மகன் ஆதித்தன் ராஜகேசரி, பேரன் பராந்தகன் மறுபடியும் பரகேசரி. அந்தக் காலத்துக் கல்வெட்டுகள் பெரும்பாலும் மன்னனின் இயற்பெயரைச் சொல்வதில்லை. கோப்பரகேசரிக்கு இத்தனையாவது யாண்டு என்று தொடங்கி, விளக்குக்குக் கொடுத்த ஆட்டுக்கும் நிலத்துக்கும் போய்விடும். மதுரை கொண்ட என்ற அடை இருந்தால் பராந்தகன் என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். அடை இல்லாத பரகேசரிக் கல்வெட்டு பாட்டனுடையதா பேரனுடையதா என்று எழுத்தமைதியை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். எழுத்தமைதி ஐம்பது ஆண்டு வித்தியாசத்தைத் துல்லியமாகக் காட்டாது. ஆக, பேரரசின் முதல் மன்னனைப் பற்றி, இது ஐயமில்லாமல் அவனுடையதுதான் என்று கைவைத்துச் சொல்லும்படியான கல் மிக அரிது.

அவன் பெயரையே தாங்கிய கோயிலாவது உதவுமா? புதுக்கோட்டைக்கு அருகே நார்த்தாமலையில் குன்றின்மேல் விஜயாலய சோழீசுவரம் நிற்கிறது. உள்ளே வட்டக் கருவறை, வெளியே சதுரச் சுவர் என்று தமிழ்நாட்டில் அபூர்வமான அமைப்பு. பெயரைப் பார்த்தால் முதற்சோழன் கட்டியது என்றே நினைப்போம். ஆனால் அங்குள்ள கல்வெட்டு, சாத்தன் பூதி என்ற இளங்கோ அதியரையன் எடுத்த கற்றளி அது என்றும், மழையால் சிதைந்ததை மல்லன் விடுமன் புதுப்பித்தான் என்றும் பதிவுசெய்கிறது. முத்தரையர் வழியினர் என்று கருதப்படுபவர்கள் எழுப்பிய கோயிலின்மேல் சோழன் பெயர் வந்து அமர்ந்திருக்கிறது. அடுத்து, மார்பில் தொண்ணூற்றாறு விழுப்புண் தாங்கியவன் விஜயாலயன் என்று மேடைதோறும் கேட்கிறோம். ஒட்டக்கூத்தர் 12ஆம் நூற்றாண்டில், அதாவது சுமார் 250 ஆண்டுகள் கழித்து, உலாவில் ஒரு சோழனை அப்படிப் பாடுகிறார், பெயர் சொல்லவில்லை. வரிசையில் அவன் நிற்கும் இடத்தைக் கொண்டு, இவன் விஜயாலயன் என்று பின்னாளில் முடிவுகட்டினார்கள். கால் விளங்காத கிழவனாகத் திருப்புறம்பியம் போர்க்களத்துக்கு வந்து வீரர்களின் தோளில் ஏறிப் போர் செய்த காட்சி 1950களில் கல்கியின் கையில்தான் முழு உருவம் பெற்றது. அது மகத்தான காட்சி. கதைக்கு உரியதைக் கதையிடம் விட்டுவிட்டு நாம் மேலே போவோம்.

செப்பேடுகளுக்கு வருவோம். விஜயாலயனின் முன்னோரை வரிசைப்படுத்திச் சொல்பவற்றில் அன்பில் செப்பேடு முக்கியமானது. ராஜராஜனின் தந்தை சுந்தர சோழன் தன் 4ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 961இல், அமைச்சர் அநிருத்தப் பிரமராயருக்கு நிலம் கொடுத்த ஆவணம் அது. பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு அநிருத்தர் நன்கு பழகியவர். விஜயாலயன் தஞ்சாவூரைப் பிடித்து அப்போது நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தச் செப்பேடு அவனுக்கு முன்னால் பதினைந்து பெயர்களைத் தருகிறது. கரிகாலனும் கோச்செங்கணானும் அதில் உண்டு. கோச்செங்கணானுக்குப் பின் நல்லடிக்கோன், வலபன், ஸ்ரீகண்டன், அப்புறம் விஜயாலயன். அடுத்தது ராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு. அந்தத் தானம் கொடுத்தது ராஜேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டில், 1018ஐ ஒட்டி. அதன் வடமொழிப் பகுதி கடார வெற்றியையும் பாடுவதால் அந்தப் பகுதி இன்னும் சில ஆண்டுகள் கழித்தே எழுதப்பட்டிருக்க வேண்டும். அதில் விஜயாலயனுக்கு முன்னால் நாற்பத்து நான்கு பெயர்கள். மூன்றாவது, வீரராஜேந்திரனின் 7ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கன்னியாகுமரிக் கல்வெட்டு, 1069 அளவில். அதில் ஐம்பத்திரண்டு. இதோடு, ராஜராஜன் நாகப்பட்டினத்து சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேட்டிலும் ஒரு பட்டியல் உண்டு. லெய்டன் செப்பேடு என்று நூல்கள் சொல்வது அதைத்தான். நாற்பத்து நான்கும் ஐம்பத்திரண்டும் அன்பில் பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு மேலே சில பெயரைச் சேர்த்தவை அல்ல, வரிசையே மாறுகிறது. கரிகாலனும் கோச்செங்கணானும்கூட ஒரே இடத்தில் நிற்பதில்லை. நீலகண்ட சாஸ்திரியார் முதல் சதாசிவப் பண்டாரத்தார் வரை சோழ வரலாறு எழுதிய பெரியவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் நின்று தயங்கித்தான் விஜயாலயனிடம் வந்தார்கள்.

15, 44, 52. நூறு ஆண்டு இடைவெளியில் ஒரு மனிதனின் முன்னோர் எண்ணிக்கை மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது. காலம் போகப் போக நினைவு தேயும் என்பதுதான் உலக இயல்பு. இங்கே காலம் போகப் போக நினைவு வளர்கிறது. அப்படி வளர்வது நினைவாக இருக்க முடியாது. உள்ளே நுழைந்து பார்த்தால் வளர்ந்த விதமும் புலப்படுகிறது. திருவாலங்காட்டுப் பட்டியலில் சோழவர்மன் என்று ஓர் ஆதி அரசன் இருக்கிறான். நாட்டுப் பெயரே ஆளின் பெயராகிவிட்டது. அவனுக்குப் பின் ராஜகேசரி, அவனுக்குப் பின் பரகேசரி. நாம் சற்றுமுன் பார்த்த இரண்டு பட்டங்களும் இரண்டு பாட்டன்களாகிவிட்டன. பட்டம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை வேண்டியிருந்தது, அதனால் அந்தப் பெயரில் முன்னோர் பிறந்தார்கள். காவிரி எப்படி வந்தது? சித்திரதன்வன் கொண்டுவந்தான். காவிரிக் கரையில் அந்தணர் எப்படி வந்தார்கள்? மான் உருவில் ஓடிய அரக்கனைத் துரத்திக்கொண்டு தெற்கே வந்த சோழன் என்ற அரசன், இங்கே வேதியர் இல்லாததைக் கண்டு ஆரியவர்த்தத்திலிருந்து அழைத்து வந்து குடியேற்றினான் என்கிறது கன்னியாகுமரிக் கல்வெட்டு. இவை ஒவ்வொன்றும் 11ஆம் நூற்றாண்டின் கேள்விக்கு 11ஆம் நூற்றாண்டு தந்த விடை. அந்த நூற்றாண்டின் மனத்தை அறிய இதைவிடச் சிறந்த ஆவணம் கிடையாது. 9ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூருக்குள் புகுந்தவனின் தகப்பனாரைத் தேட இது உதவாது.

ஆவணம் எப்போது பிறக்கிறது? கேட்பவர் வரும்போது பிறக்கிறது. இதை மும்பைத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. தாராவியில் நூறாண்டுக்கு மேலாக வாழ்ந்துவரும் குடும்பங்கள் உண்டு. தோல் பதனிடவும் துறைமுகத்திலும் ஆலையிலும் உழைக்கவும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள், வந்த நாளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. எழுதும் தேவை இருக்கவில்லை. குடிசை மாற்றுத் திட்டம் வந்து, 2000ஆம் ஆண்டு ஜனவரி 1க்கு முன் இங்கே இருந்தாயா, காட்டு என்று கேட்டபோதுதான் ரேஷன் கார்டும் மின்கட்டண ரசீதும் வாக்காளர் பட்டியலும் உயிர்நாடி ஆயின. ஒரு மனிதன் ஓரிடத்தில் வாழ்ந்தது வேறு, வாழ்ந்ததற்குத் தாள் இருப்பது வேறு. தாள் இல்லாததால் வாழ்க்கை பொய்யாகிவிடாது. தாள் இருப்பதனால் அதில் எழுதியது முழுவதும் மெய்யாகிவிடவும் செய்யாது. தாள் எப்போது, யார் கேட்டு உண்டாயிற்று என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

விஜயாலயனை யாரும் கேட்கவில்லை. பெரிய அரசர்களின் நிழலில் தலையெடுத்த ஒரு சிறிய தலைவன் அவன். பல்லவரும் பாண்டியரும் மோதிக்கொண்டிருந்த நிலத்தில், முத்தரையர் கையில் இருந்ததாக நம்பப்படும் தஞ்சாவூரை எடுத்துக்கொண்டான். யாரிடமிருந்து எடுத்தான் என்பதைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகூடச் சொல்லவில்லை. செந்தலைத் தூண்களில் உள்ள முத்தரையர் கல்வெட்டுகளைக் கொண்டு நாம் செய்யும் ஊகம் அது. அவன் பேரன் காலத்திலேயே நிலைமை மாறத் தொடங்கியது. ராஜராஜன் காலத்திலோ சோழரோடு சமமாக உட்கார்ந்து பேசுபவர்கள் எல்லாம் வானுலகப் பரம்பரை உடையவர்கள். அப்போது வீழ்ந்துவிட்டிருந்த ராஷ்டிரகூடர்கூட யதுவின் வழி. கீழைச் சாளுக்கியர் சந்திர வம்சம். ராஜராஜனின் மகள் குந்தவையை மணந்த வேங்கி விமலாதித்தனின் ரணஸ்திபூண்டிச் செப்பேட்டைப் பாருங்கள். ஏறக்குறைய திருவாலங்காட்டுத் தானத்தின் காலம்தான். தன் முன்னோர் ஐம்பத்தொன்பது பேர் அயோத்தியில் சக்கரவர்த்திகளாக இருந்தார்கள், அப்புறம்தான் தெற்கே வந்தார்கள் என்கிறது அது. அவன் குலத்தின் பழைய சாசனங்களில் இந்தக் கதை கிடையாது. மருமகன் வீட்டில் அயோத்தி ஏறியிருக்கும்போது மாமனார் வீட்டார் கோச்செங்கணானோடு நின்றுவிட முடியுமா? சந்திரனுக்குச் சூரியன் தேவைப்பட்டது. சம்பந்திகளுக்கிடையே நடந்த பேச்சு என்று பார்த்தால் 15 எப்படி 44 ஆயிற்று என்பது மர்மமாக இராது.

இது சோழருக்கு மட்டும் நேர்ந்ததென்று நினைக்க வேண்டாம். மும்பையிலேயே பாண்டுப் இருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு செப்பேடு, வடகொங்கணத்தை ஆண்ட சிலாஹாரர் குலத்துச் சித்தராஜனுடையது. சக ஆண்டு 948, நம் கணக்கில் 1026. வித்தியாதரர் தலைவன் ஜீமூதவாகனன், நாகன் ஒருவனைக் காக்கத் தன் உடலைக் கருடனுக்குக் கொடுத்தவன், அவன் வழியில் வந்த குலம் எங்களுடையது என்று அது தொடங்குகிறது. இதே குலத்தின் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் கான்ஹேரி குகைகளில் இருக்கின்றன. விஜயாலயன் தஞ்சாவூரைப் பிடித்த அதே காலம். அவற்றில் புல்லசக்தியும் கபர்தியும் ராஷ்டிரகூட அமோகவர்ஷனுக்குக் கீழ்ப்பட்டுக் கொங்கணத்தை ஆளும் சிற்றரசர்கள். பௌத்தத் துறவிகளுக்குக் கொடுத்த தானத்தைச் சொல்வதுதான் அந்தக் கல்லின் வேலை. கருடனும் நாகனும் அங்கே தேவைப்படவில்லை. ராஷ்டிரகூடர் வீழ்ந்து, சிலாஹாரர் தம் காலில் நிற்கத் தொடங்கிய பிறகே ஜீமூதவாகனன் சாசனங்களில் இறங்கி வருகிறான். தஞ்சாவூருக்கும் சிலாஹாரரின் தாணாவுக்கும் இடையே மொழியும் நிலமும் வேறு. கதை ஒன்றே.

கடல் தாண்டியும் இதே கதைதான். 911இல் பிரெஞ்சு மன்னன் மூன்றாம் சார்லஸ், சேன் ஆற்றில் கப்பலோட்டி வந்து கொள்ளையடித்துக்கொண்டிருந்த வடவர் கூட்டத்தின் தலைவன் ரோலோவோடு உடன்படிக்கை செய்து, ஆற்று முகப்பில் நிலம் கொடுத்தான். அந்த நிலம்தான் நார்மண்டி. ரோலோவிலிருந்து எண்ணினால் ஆறாவதாக வருபவன் 1066இல் இங்கிலாந்தை வென்ற வில்லியம். விஜயாலயனுக்கு ராஜராஜன் எத்தனையாவதோ, ரோலோவுக்கு வில்லியம் அத்தனையாவது. இன்றைய பிரித்தானிய அரச குடும்பம்வரை அந்த வழி வருகிறது. அந்த ரோலோவின் தந்தை யார்? அவன் பேரன், கொள்ளுப்பேரன் அரண்மனையில் ஆதரவு பெற்ற டூடோ என்ற பாதிரியார், சுமார் நூறு ஆண்டு கழித்து எழுதினார்: டென்மார்க்கில் பெரிய குலத்தில் பிறந்தவன். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் ஸ்நோரி எழுதினார்: நார்வேயில் மோரே நாட்டுத் தலைவன் ரோக்ன்வால்டின் மகன், குதிரை தாங்காத ஆகிருதி உடையதனால் நடந்தே திரிந்த ஹ்ரோல்ஃப்தான் அவன். டென்மார்க்காரரும் நார்வேக்காரரும் நூற்றாண்டுக்கு மேல் இதைப் பற்றி வழக்காடிவிட்டார்கள். ரோலோ உயிரோடு இருந்த காலத்துச் சாசனங்கள் அவனுக்கும் அவன் தோழர்களுக்கும் நிலம் கொடுத்ததைச் சொல்கின்றன, அவ்வளவுதான். அன்பில் செப்பேட்டுக்கும் டூடோவின் நூலுக்கும் உள்ள தூரம், தத்தம் மூலவனிடமிருந்து, ஒரே நூறாண்டு. அந்த நூறாண்டுதான் ஒரு கொள்ளைத் தலைவனோ படைத் தலைவனோ குலமுதல்வனாக மாற எடுத்துக்கொள்ளும் காலம் போலும். பாட்டனைக் கண்டவர்கள் எல்லோரும் இறந்துவிட வேண்டும். அப்புறம்தான் பாட்டனின் பாட்டனைப் பாட முடியும்.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு வலுவானது. கரிகாலனும் கோச்செங்கணானும் கற்பனை அல்லவே, சங்கப் புலவர் பாடிய மெய்யான மன்னர்கள்தாமே, புறாவுக்காகத் தசையை அரிந்த சிபியைச் சோழன் முன்னோனாகச் சொல்வது புறநானூற்றிலேயே உள்ளதே, பிறகு எப்படி 10ஆம் நூற்றாண்டின் ஆக்கம் என்கிறீர்கள் என்று கேட்கலாம். முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். பெயர்கள் பழையவை. சிபியும் பழையவன். கோச்செங்கணான் எழுபது கோயில் எடுத்ததைத் திருமங்கையாழ்வார் பாடுகிறார். அந்த நினைவு கோயில்தோறும் உயிரோடு இருந்தது. நான் கேள்வி கேட்பது படிகளைப் பற்றி அல்ல, அவற்றை இணைத்துக் கட்டிய ஏணியைப் பற்றி. கரிகாலன் என்ற பெயர் ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. கடப்பைப் பகுதியை ஆண்ட ரேநாட்டுச் சோழர்கள், விஜயாலயனுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, தாங்கள் கரிகாலன் வழி என்று செப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின் வந்த தெலுங்குச் சோடர்களும் அதையே சொன்னார்கள். ஒரே மூதாதையை ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத பல குடும்பங்கள் உரிமை கொண்டாடினால், அந்த உரிமை அந்த மூதாதையின் புகழுக்குச் சான்று. எந்த ஒரு குடும்பத்தின் பிறப்புக்கும் சான்று ஆகாது.

அப்படியானால் விஜயாலயன் சோழனே அல்ல, வெறும் படைத்தலைவன் என்று சொல்கிறேனா? இல்லை. இந்த எதிர்முனைக்கு ஓடுபவர்களும் உண்டு. அதற்கும் சான்று இல்லை. சங்க காலத்துக்கும் 850க்கும் இடையே சோழர் என்ற பெயர் மறைந்துவிடவில்லை. சிம்மவிஷ்ணு காவிரி நாட்டைச் சோழரிடமிருந்து கொண்டதாகப் பல்லவ சாசனம் சொல்கிறது. திருச்சிராப்பள்ளிக் குன்றில் மகேந்திரவர்மன் வெட்டிய குடைவரைக் கல்வெட்டு சோழநாட்டின் வளத்தைப் பேசுகிறது. 634இன் ஐஹொளெ கல்வெட்டில் இரண்டாம் புலிகேசி காவிரியைக் கடந்து வந்து சோழ, சேர, பாண்டியருக்கு நன்மை செய்ததாகச் சொல்லிக்கொள்கிறான். பாண்டிமாதேவியாகிய மங்கையர்க்கரசியார் சோழன் மகள் என்று பெரியபுராணம் போற்றுகிறது. நாடு இழந்து, பெயரை மட்டும் காப்பாற்றிக்கொண்டு, பெரிய அரசர்களுக்குப் பெண் கொடுக்கும் அளவு மதிப்போடு வாழ்ந்த ஒரு பழங்குடி காவிரிக் கரையில் இருந்திருக்கிறது. உறையூர், பழையாறை வட்டாரத்தில் அப்படி ஒரு கிளையில் விஜயாலயன் பிறந்திருக்கலாம் என்பது நியாயமான ஊகம். அண்டை அயலார் எல்லோரும் அறிய ஒருவன் ஒரே நாளில் தன்னைச் சோழன் என்று அறிவித்துக்கொள்ள முடியாது. முத்தரையரும் இருக்குவேளிரும் பழுவேட்டரையரும் அவனோடு அதே ஆற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள், சிரித்திருப்பார்கள். ஆகவே, சோழன் என்ற பெயர் அவனுக்கு முன்னமே இருந்தது என்று நம்புகிறேன். அந்தப் பெயரைக் கரிகாலனோடு சேர்க்கும் கயிறு நம் கையில் இல்லை. ஸ்ரீகண்டன் என்ற பெயர் வேண்டுமானால் உண்மைத் தந்தையின் பெயராக இருக்கலாம். பட்டியலில் மிக அண்மையில் இருப்பது மறப்பதற்குக் கடினமானது. ஆனால் அடுத்து வந்த பெரிய பட்டியல் அந்தப் பெயரை உறுதிப்படுத்தவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மரபணு அறிவியல் இதைத் தீர்க்காதா என்று இளைஞர்கள் கேட்பார்கள். ரோலோ வழக்கில் முயன்று பார்த்தார்கள். 2016இல் நார்வே ஆய்வாளர்கள் நார்மண்டியின் ஃபெகாம்ப் மடத்தில், ரோலோவின் பேரனும் கொள்ளுப்பேரனும் ஆகிய இரு ரிச்சர்டுகளின் எச்சம் என்று காலங்காலமாக மதிக்கப்பட்ட எலும்புகளைத் திறந்தார்கள். காலம் கணித்தபோது இரண்டு பேரும் ரோலோவுக்கு முன்பே இறந்தவர்கள் என்று தெரிந்தது. அந்தப் பெட்டியின்மேல் இருந்த பெயரும் ஒரு வகைச் செப்பேடுதான். சோழர் விஷயத்தில் எலும்பும் இல்லை. இறந்த மன்னனுக்குப் பள்ளிப்படை எடுத்தார்கள். ஆதித்தனுக்குக் காளத்திக்கு அருகே தொண்டைமானாற்றில், பராந்தகன் மகன் அரிஞ்சயனுக்கு மேல்பாடியில். அங்கே நிற்பது சிவன் கோயில். அதை நாம் வணங்கலாம், சோதிக்க முடியாது.

இனி வழித்தோன்றல்கள். மூலத்தில் உள்ள ஐயம் முடிவில் இன்னும் பெரிதாகிறது. ஐப்பசிச் சதய நாளில் தஞ்சையில் ராஜராஜனுக்கு மாலை போட வரும் சமூகங்கள் பல. ஒவ்வொன்றும் அவன் எம்மவன் என்கிறது. தில்லையில் முடிசூட்டிக்கொள்ளும் மரபுடைய பிச்சாவரம் பாளையக்காரக் குடும்பம் தன்னைச் சோழர் வழி என்கிறது. இந்த அன்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் விஜயாலயனின் ரத்தம் ஒரு சாதிக்குள் மட்டும் ஓடியது என்று சொல்வதற்கு அவன் மகனே இடம் தரவில்லை. ஆதித்தனின் பட்டத்தரசி இளங்கோன் பிச்சி வல்லவரையன் மகள். ராஷ்டிரகூட வீட்டுப் பெண் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். பராந்தகன் சேர நாட்டில் பெண் எடுத்தான். தக்கோலத்தில் 949இல் யானைமேல் உயிர்விட்ட ராஜாதித்தன் அந்தச் சேர நாட்டுப் பெண்ணின் மகன். அரிஞ்சயனின் தாய் பழுவேட்டரையர் மகள். ராஜராஜன் மகள் வேங்கிக்குப் போனாள். ராஜேந்திரன் மகள் அம்மங்கையும் வேங்கிக்குப் போனாள். அந்த அம்மங்கைக்கும், நன்னயரைத் தெலுங்கில் பாரதம் பாடவைத்த ராஜராஜ நரேந்திரனுக்கும் பிறந்தவன் 1070இல் சோழ அரியணை ஏறினான். முதற் குலோத்துங்கன். தந்தை வழியில் அவன் சாளுக்கியன், சந்திர வம்சம். தாய் வழியில்தான் சோழன். அன்றிலிருந்து 1279இல் மூன்றாம் ராஜேந்திரனோடு முடியும்வரை ஆண்ட சோழர் எல்லோரும் அவன் வழி. தந்தை வழியை மட்டும் எண்ணுகிறவர்கள் சோழ வம்சம் 1070இல் முடிந்தது என்று சொல்ல வேண்டியிருக்கும். அன்றைய தமிழர் அப்படிச் சொல்லவில்லை. செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் ராசபாரம்பரியம் என்று ஒரு பகுதியே வைத்து, நாரதர் உரைக்க, கரிகாலன் இமயத்தில் பொறித்துவைத்த குலவரிசை குலோத்துங்கனிடம் வந்து சேர்வதாகப் பாடிவிட்டார். மகள் வழிப் பேரனைச் சூரியனின் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளக் கவிஞருக்கும் ஊருக்கும் தயக்கம் இருக்கவில்லை.

கணக்கையும் ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். விஜயாலயனுக்கும் நமக்கும் இடையே ஏறக்குறைய நாற்பது தலைமுறை. ஒருவருக்குத் தாய் தந்தை இருவர், பாட்டன் பாட்டிகள் நால்வர் என்று நாற்பது முறை இரட்டித்தால் ஒரு லட்சம் கோடிக்கு மேல் போகும். அத்தனை மனிதர் உலகில் என்றும் இருந்ததில்லை. ஒரே முன்னோர் திரும்பத் திரும்ப வந்தால்தான் கணக்குச் சரியாகும். நம் நாட்டில் அகமணம் இருக்கிறதே, சாதிக்குள்ளேயே சுற்றி வந்திருக்குமே என்று கேட்டால், அது சரிதான், பரவலைக் குறைத்திருக்கும். ஆனால் அரச குடும்பமே அந்த வேலியைத் தாண்டித் தாண்டிப் பெண் கொடுத்து எடுத்திருக்கிறது என்று பார்த்தோம். கன்னடத்திலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் அந்த ரத்தம் ஓடியிருக்கிறது. விஜயாலயனின் வாரிசு யார் என்ற கேள்விக்கு ஒரு தெருவைக் காட்டி விடை சொல்ல முடியாது.

பிறப்பைக் கேள்வி கேட்பது அவமதிப்பு என்று கருதுபவர்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். இந்த மண்ணில் நின்று அதைச் சொல்வது பொருத்தம். சத்ரபதி சிவாஜி மகாராஜா 1674இல் ராய்கடில் முடிசூடுவதற்கு முன், அவருக்கு க்ஷத்திரிய உரிமை உண்டா என்று சிலர் கேட்டார்கள். காசியிலிருந்து காகா பட்டர் வந்தார். மேவார் சிசோதியாக்களோடு போன்ஸ்லே குலத்தை இணைக்கும் வம்சாவளி முன்வைக்கப்பட்டது. முடிசூட்டு விழா நடந்தது. அந்த வம்சாவளி பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். விவாதம் எப்படி முடிந்தாலும், கோட்டைகளும் கடற்படையும் உழவர் படையும் அந்தத் தாளுக்கு முன்பே இருந்தன. கேட்டவர்களுக்காகத் தாள் வந்தது. விஜயாலயனுக்கும் அதுவே பொருந்தும். கரிகாலனிலிருந்து இறங்கி வந்தவன் என்றால் அவன் பரம்பரைச் சொத்தை மீட்டவன். எங்கிருந்து வந்தான் என்று தெரியாதவன் என்றால், ஓர் ஊரைப் பிடித்து நானூறாண்டு அரசுக்கு அடிக்கல் நாட்டியவன். இரண்டாவதில் அவன் உயரம் கூடுகிறது என்றே எனக்குப் படுகிறது.

கடைசியாகத் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவருக்குப் போவோம். ராஜராஜன் காலத்தில் தமிழ்க் கல்வெட்டுக்கு மெய்க்கீர்த்தி என்ற ஒரு முகப்பு நிலைபெற்றது. அவனுடைய மெய்க்கீர்த்தி திருமகளோடும் நிலமகளோடும் தொடங்கி, காந்தளூர்ச் சாலை, வேங்கை நாடு, கங்கபாடி, ஈழம் என்று வென்றவற்றை அடுக்கிக்கொண்டு போகிறது. அதில் சூரியன் இல்லை, சிபி இல்லை, கரிகாலன் இல்லை, விஜயாலயன்கூட இல்லை. அதே குலத்தின் செப்பேட்டில் வடமொழிப் பகுதி சூரியனிலிருந்து தொடங்குகிறது. தமிழில் எழுதிய கல் செயலிலிருந்து தொடங்குகிறது. பிற அரசர் அவைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி ஒன்று, ஊர்ச்சபையும் கோயிற் கணக்கரும் படிக்க வேண்டிய செய்தி வேறு. வரி கொடுப்பவனுக்கும் விளக்கு எரிப்பவனுக்கும் அரசனின் கொள்ளுப்பாட்டன் யார் என்பது தேவைப்படவில்லை. கொடுத்தது ராஜராஜனா, அவன் அக்காவா, அவன் மனைவியரா, எத்தனை கழஞ்சு பொன், எத்தனை ஆடு என்பது தேவைப்பட்டது. அது கிராம் துல்லியத்தோடு கல்லில் இருக்கிறது. வம்சாவளியில் நான்கு பட்டியலும் நான்கு விதம். நகை எடையில் அந்தக் குழப்பம் இல்லை.

அதே கோயில் வளாகத்தில், தென்மேற்கு மூலையில், எண்ணூறு ஆண்டு கழித்து இன்னொரு கல்வெட்டு வந்தது. சிவாஜி மகாராஜாவின் தம்பி ஏகோஜி நிறுவிய தஞ்சை மராட்டிய அரசில் இரண்டாம் சரபோஜி 1803இல் பொறித்தது அது. மராத்தி மொழியில், போன்ஸ்லே குலத்தின் வரலாறு முழுவதும், முன்னோர் பெயர் பெயராக. நான்கு ஆண்டு முன்னர், 1799 உடன்படிக்கையில், அவர் நாட்டைக் கம்பெனியிடம் எழுதிக் கொடுத்திருந்தார். ஆள்வதற்குத் தஞ்சைக் கோட்டை மட்டும் மிச்சம்.